மோட்டார்ஹோமுக்கு எந்த ஜாக்கி?

மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியில், பஞ்சரான டயரை மாற்ற ஜாக்கி வாங்கும்போது எல்லாரும் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான். அது சுலபமான கேள்வி. சக்கரங்களை இணைக்கும் அச்சில் (ஆக்ஸில்) இறங்கும் எடையைவிடத் தாராளமாகத் தூக்கும் ஜாக்கியாக எடுத்தால் தீர்ந்தது. முழுக்க இறக்கிய ஜாக்கியின் உயரம் எவ்வளவு என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

225/75 ஆர் 16 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கச்சுவரின் உயரம், அதாவது 225 மி.மீ. அகலத்தில் 75 சதவீதம், ஏறக்குறைய 169 மி.மீ. காற்று முழுக்கப் போனால் ரிம் தரைக்கு வந்துவிடும், அச்சும் கூடவே 10 செ.மீ. அளவுக்கு இறங்கும். காற்று இருந்தபோது கச்சிதமாக நுழைந்த ஜாக்கி இப்போது உள்ளே போகாது. அதனால் முன்கூட்டியே மண்டியிட்டு அச்சின் அடியை அளந்து, அந்த 10 செ.மீ.யைக் கழித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வழித்துணைக்கு என் தேர்வு பாட்டில் வடிவில் நிற்கும் பாட்டில் ஜாக்கி. சின்ன உடம்பை வைத்துக்கொண்டு 12 டன், 20 டன் என்று தூக்கும். அடிப்பாகம் சிறியது என்பதால் மண்ணில் புதையும். கனமான பலகை வைத்தே ஆக வேண்டும். பலகையின் தடிமனையும் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கி தாழ்வாக நுழையும், ஆடாது. ஆனால் அதன் கை வளைவாக எழும்போது ஜாக்கி கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். ஜல்லியிலும் மண்ணிலும் அது நகராது, தலை அச்சைவிட்டு நழுவப் பார்க்கும். சிமென்ட் தரைக்குச் சரி. கத்தரிபோல மடங்கி விரியும் கத்தரி ஜாக்கி சிறிய வேனோடு நிற்கட்டும்.

வண்டியிலேயே இருக்கும் லெவலிங் ஜாக்கியால் தூக்கிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அது வண்டியைச் சமன்படுத்த வைத்தது. பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. லெவலிங் ஜாக்கி அவற்றைத் தரையைவிட்டுத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் (இன்ஜின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டில்) இருந்தால் ஒரு பின் சக்கரம் எழுந்தாலே போதும், இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் வழியாக மறுபக்கச் சக்கரமும் உருளும். எந்த ஜாக்கியானாலும், பின்பக்கத்தைத் தூக்கும்போது முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பின்னால் இரட்டை டயர், பஞ்சர் ஆனது வெளி டயர் என்றால், உள் டயரை மட்டும் தடித்த பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள். ஜாக்கியே இல்லாமல் வெளி டயர் தரையைவிட்டு எழுந்துவிடும்.

நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்துங்கள். தூக்கியதும் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் கைகூட நீட்டாதீர்கள். அப்புறம், 80 கி.மீ. ஓடியதும் வண்டியை ஓரம்கட்டி நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.