மூன்று வாரத்தில் மெலியும் சுண்டெலியா, மெல்ல மெல்ல மெலியும் சுண்டெலியா? புற்றுநோய் உடல்நலிவுக்கான விலங்கு மாதிரிகள்

உணவைக் கூட்டிக் கொடுத்தாலும் முழுமையாக மீட்க முடியாதபடி புற்றுநோயாளியின் தசை கரைந்துபோகும் உடல்நலிவைக் கேக்கெக்சியா என்கிறார்கள். 2011ஆம் ஆண்டின் சர்வதேச வரையறைப்படி, ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைவது அதன் முக்கிய அடையாளம். அந்த ஆறு மாதத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் விலங்கு மாதிரிகளை, அதாவது ஆய்வுக்காக இந்த நோய் உண்டாக்கப்படும் விலங்குகளை, எடைபோட வேண்டும்.

அதிகம் பயன்படுவது சி26 என்ற மாதிரி. சுண்டெலியின் பெருங்குடல் புற்றணுக்களைத் தோலுக்கடியில் செலுத்தினால், இரண்டு மூன்று வாரங்களில் விலங்கு கண்ணெதிரே மெலிகிறது; ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் பெருகுகிறது. தசைப் புரதம் எந்தப் பாதையில் உடைகிறது என்று பார்க்க இது அருமையான களம். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞைகளை வாங்கும் ஆக்டிவின் ஏற்பியைத் தடுத்தால், கட்டி சுருங்காமலேயே தசை மீள்கிறது, ஆயுளும் நீள்கிறது என்று 2010இல் காட்டியது இந்தச் சுண்டெலிதான். நோயைக் கட்டியிலிருந்து பிரித்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்த முடிவு அது.

லூயிஸ் நுரையீரல் புற்றணு மாதிரியும் இதே வேகம்தான். மரபணு நீக்கிய சுண்டெலிகள் ஏராளமாகக் கிடைக்கும் சி57 என்ற ஆய்வகச் சுண்டெலி இனத்தில் வளர்வது இதன் பலம். ஆனால் கட்டி மிகப் பெரிதாகிவிடுகிறது. தராசில் கட்டியும் சேர்ந்தே நிற்பதால் உடல் இழந்த எடை மறைந்துபோகிறது. கட்டியின் எடையைக் கழிக்காத எந்த வரைபடத்தையும் நான் நம்புவதில்லை. எலிகளில் வயிற்றறைக்குள் செலுத்தப்படும் யோஷிடா புற்றணு இன்னும் அவசரம், பத்து நாட்களுக்குள் கதை முடிகிறது.

இவற்றில் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வார வயதுள்ள, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் விலங்குகளையே பயன்படுத்துகிறார்கள். வளர்ச்சி நின்றுபோனதையும் இருந்த தசை கரைந்ததையும் அங்கே பிரித்தறிவது கடினம். நோயாளிகளோ பெரும்பாலும் முதியவர்கள். கூண்டின் வெப்பநிலையும் குழப்புகிறது: 22 டிகிரியில் சுண்டெலிக்குக் குளிர்கிறது, அது ஏற்கெனவே கொழுப்பை எரித்துத்தான் சூடாக இருக்கிறது. கொழுப்பு கரைவதைப் பற்றிய முடிவுகளை இதை மறந்து படிக்கக் கூடாது.

மறுபக்கம், மரபணு மாற்றத்தால் தானே புற்றுநோய் வளர்க்கும் சுண்டெலிகள். ஏபிசி என்ற மரபணு பழுதான ஏபிசி-மின் சுண்டெலியின் குடலில் திரளும் கட்டிகள் பல வாரங்களாக மெல்ல மெல்ல எடையைக் குறைக்கின்றன. ஆனால் ரத்தசோகையும் சேர்ந்துகொள்வதால் சோர்வுக்குக் காரணம் எது என்று சொல்வது சிரமம். கேபிசி என்ற இன்னொரு வகைச் சுண்டெலிக்கு, மனிதரில் உடல்நலிவு மிக அதிகமாகக் காணப்படும் கணையப் புற்றுநோயே வருகிறது. கட்டி தோன்றும் நாள் விலங்குக்கு விலங்கு மாறும், செலவு கூடும், காத்திருக்க வேண்டும். கணையம் செரிமான நொதிகளைச் சரியாகச் சுரக்காததாலும் கொழுப்பு கரையலாம் என்பதை இதன் குறையாகச் சிலர் சொல்கிறார்கள். நோயாளிகளுக்கும் அதுவே நேர்கிறது என்பதால் எனக்கு அது நிறையாகவே தெரிகிறது.

என் தேர்வு இதுதான்: ஒரு மூலக்கூறு ஏன் தசையைக் கரைக்கிறது என்று கேட்டால் சி26. ஒரு மருந்தை நோயாளியிடம் கொண்டுசெல்லலாமா என்று கேட்டால் கேபிசி. அதுவும் எடையோடு பிடிவலிமையையும் அளந்து, நோயுற்றவை உண்ணும் அதே குறைந்த அளவு உணவு கொடுத்த ஆரோக்கியமான சுண்டெலிகளையும் பக்கத்தில் வைத்து. பிடிவலிமை ஏன் என்றால், பசியைத் தூண்டும் அனமொரெலின் மருந்து பெரிய மனிதச் சோதனைகளில் கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கூட்டியது, ஆனால் கைப்பிடியின் வலிமையைக் கூட்டவில்லை.