புடாபெஸ்டா, பெங்கோவா: கறுப்பு எந்தச் சிப்பாயை விடலாம்?

சதுரங்கத்தில் ஓர் ஆட்டம் இப்படித் தொடங்குகிறது (டி4 என்பது கட்டத்தின் பெயர்; காயின் பெயர் சொல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்): வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6, வெள்ளை சி4. இங்கே கறுப்புக்கு ஒரு சிப்பாயை விட்டுக்கொடுக்க இரண்டு வழி உண்டு. இப்படித் தொடக்கத்திலேயே காயை விட்டு ஆதாயம் தேடுவதுதான் கேம்பிட். உடனே ஈ5 தள்ளினால் புடாபெஸ்ட் கேம்பிட். சி5 தள்ளி, வெள்ளை டி5 வந்ததும் பி5 என்றால் பெங்கோ கேம்பிட். கும்பகோணத்தில் சாயங்காலம் என்னிடம் ஆட வரும் பிள்ளைகள், "சார், ரெண்டுல எதைக் கத்துக்கறது?" என்று கேட்காத வாரமில்லை.

புடாபெஸ்டில் விடும் சிப்பாய் கைமாத்து மாதிரி. வெள்ளை ஈ5-ஐ வெட்டியதும் கறுப்புக் குதிரை ஜி4-க்கு வந்து நிற்கும். பெரும்பாலும் சீக்கிரமே சிப்பாய் திரும்பி வந்துவிடும். ஆனால் பிள்ளைகள் மயங்குவது இதில் இருக்கும் பொறிக்குத்தான். வெள்ளை மந்திரி எஃப்4, கறுப்பு குதிரை சி6, வெள்ளை குதிரை எஃப்3, கறுப்பு மந்திரி பி4-இல் செக். வெள்ளை இன்னொரு குதிரையை டி2-இல் வைத்து மறைக்கும். கறுப்பு ராணி ஈ7. வெள்ளை ஏ3 தள்ளி மந்திரியை மிரட்டும். மந்திரி கிடக்கட்டும் என்று ஜி4 குதிரையால் ஈ5-ஐ வெட்டவேண்டும். வெள்ளை ஆசைப்பட்டு மந்திரியை எடுத்தால் குதிரை டி3, மேட்! ராணி ஈ வரிசையில் குறிவைத்திருப்பதால் ஈ2 சிப்பாய் அந்தக் குதிரையைத் தொடமுடியாது.

போன கோடையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் போட்டியில் இதைப் போட்டுவிட்டு, கை நடுங்க ஓடி வந்து சொன்னான். அடுத்த சுற்றில் எதிராளி மந்திரியைத் தொடவே இல்லை, குதிரையால் ஈ5-ஐ வெட்டிவிட்டான். சிப்பாய் கணக்கு சமம், ஆனால் இரண்டு மந்திரிகளும் மிஞ்சிய சாதகம் வெள்ளையிடம். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல மெல்லத் தோற்றான். 1918-இல் பெர்லினில் விட்மார் என்ற ஆட்டக்காரர் இதே திறப்பில், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரரான ரூபின்ஸ்டைனையே வீழ்த்தினார். குறைவாக எடைபோட வேண்டாம். ஆனால் அவருக்குப் பொறிக்குப் பிறகும் ஆடத் தெரியும்.

பெங்கோவில் விடுவது விதைநெல். வெள்ளை பி5-ஐ வெட்டும், கறுப்பு ஏ6 தள்ளும், வெள்ளை அதையும் வெட்டும். போன சிப்பாய் திரும்பி வரும் என்று காத்திருக்கவேண்டாம். ஏ, பி வரிசைகள் இரண்டும் யானைகளுக்குத் திறந்துவிடும். ஜி7 மந்திரி மூலைவிட்டமாக பி2-ஐப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெள்ளை ஈ4 தள்ளினால், ஏ6-இல் திருப்பி வெட்டி நிற்கும் கறுப்பு மந்திரியால் எஃப்1-இல் மந்திரிகளை மாற்றிவிடலாம். அதை வெட்டிய வெள்ளை ராஜா கோட்டை கட்டமுடியாமல் ஜி3, ஜி2 என்று நடந்தே ஒதுங்கவேண்டும்.

நீடாமங்கலம் பக்கம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் இருக்கிறார். அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தவர் என்பது தலபுராணம். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருந்தபோது காந்தப் பலகையில் இந்தப் பெங்கோ நிலையை அடுக்கி, ராணிகள் இரண்டையும் எடுத்துவிட்டு, "யாருக்கு நல்லது?" என்றேன். ஒரு சிப்பாய் கூடுதல் என்பதால் எல்லாரும் வெள்ளை என்றார்கள். பத்து நிமிஷம் ஆடவிட்டேன். வெள்ளைக்கு ஆடிய சிறுமி ஏ2, பி2 இரண்டையும் காக்கவே இரண்டு யானைகளையும் கட்டிப்போட்டிருந்தாள். பெங்கோவின் பலம் அதுதான்: ராணிகள் போனாலும் அழுத்தம் போவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளை ஜி3, மந்திரி ஜி2 என்று நிதானமாக அடுக்கினால் கறுப்புக்குக் கஷ்டம்தான். வெள்ளை ஏ6-ஐ வெட்டாமல் பி6 தள்ளிச் சிப்பாயைத் திருப்பிக் கொடுத்தால் ஏ வரிசை திறக்காது. இன்னொன்று, இரண்டாவது நகர்த்தலில் வெள்ளை சி4-க்குப் பதில் குதிரை எஃப்3-யோ, லண்டன் முறையில் மந்திரி எஃப்4-ஓ ஆடிவிட்டால், நாம் படித்த இந்த வரிசை இரண்டுமே பலகைக்கு வராது. அதற்கு வேறு பதில் கையில் இருக்கவேண்டும்.

ஐந்து நிமிஷ ஆட்டத்துக்குப் புடாபெஸ்ட் போதும். பெரிய ஆட்டத்துக்கு நான் பெங்கோதான் சொல்லித்தருகிறேன். அந்த ஆறாம் வகுப்புப் பையன் இப்போது பி6-க்கு என்ன பதில் என்று குடைகிறான். ராணியால் வெட்டு, மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.