செவனா, கோப்ராவா, ஸ்பீட்ஸ்டரா: கராஜில் எதைக் கட்டலாம்?

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலை வீட்டு கராஜிலேயே கட்ட ஆசைப்படுகிறவர்களில் பலர் மூன்று முகங்களில் ஒன்றில் மயங்கியிருப்பார்கள்: லோட்டஸ் செவன், ஏசி கோப்ரா, போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர். படத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. அழகு கடைசியில்தான் வரும். அதுவரை அந்தக் கார் கேட்கும் வேலையோடுதான் குடித்தனம். அதனால் மூன்றையும் வேலையை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் செவன். 1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த கார். 1973இல் தயாரிப்பு உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்குப் போனது. அங்கே இன்றும் அதே வடிவத்தில் செய்கிறார்கள். பாடி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குழாய்ச் சட்டம், பக்கவாட்டில் அலுமினியத் தகடு, மூக்கும் மட்கார்டும் ஃபைபர், அவ்வளவுதான். வளைவு குறைவு என்பதால் கையில் அடங்கும். கிட்டாக, அதாவது பாகங்களை ஒரு தொகுப்பாக, வாங்கிப் பூட்டலாம். தைரியம் இருந்தால் 'லோகாஸ்ட்' எனப்படும் குறைந்த செலவு வழியில் சட்டத்தையே நீங்கள் கட்டலாம்: 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 1.6 மி.மீ. கனம், ஒரு மிக் வெல்டிங் மெஷின்.

ரம்பத்தைவிட அளவு நாடாவுக்குத்தான் இங்கே வேலை அதிகம். மட்டமான பலகை மேசையில் அடிச்சட்டத்தை வரைந்து, குழாய்களை அதன் மேல் அடுக்கி, முதலில் பொட்டுப் பொட்டாக மட்டும் வெல்டு வைக்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போன பிறகுதான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. வெல்டு ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும், சட்டம் கோணிவிடும். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிப் போக வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரிப்பார்கள்; இப்போது மாஸ்டா எம்எக்ஸ்-5 கைகொடுக்கிறது. முடிந்த கார் 600 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும் என்பதால் சாதாரண எஞ்சினே போதும். குறை என்றால், கால் வைக்கும் இடம் குறுகல். அகலமான ஷூ போட்டால் பிரேக்கோடு சேர்த்து ஆக்சிலரேட்டரையும் மிதிப்பீர்கள்.

கோப்ராவின் கதையே வேறு. 1962இல் அமெரிக்க ரேஸ் ஓட்டுநர் கரோல் ஷெல்பி, ஏசி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சின்ன காரில் ஃபோர்டு வி8 எஞ்சினைத் திணித்ததில் பிறந்தது. அசல் கார்கள் மொத்தமே ஆயிரம் போலத்தான். ரோட்டில் கண்ணில் படுவதில் பெரும்பாலானவை நகல்கள். கிட்டில் சட்டம் வெல்டிங் முடிந்தே வருகிறது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் மளமளவென்று முன்னேறலாம். சக்கரம் பூட்டி, எஞ்சின் இறக்கி, பாடி இல்லாமலே ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். 'பாதிக்கு மேல் முடிந்தது' என்று தோன்றும். முடிந்திருக்காது.

ஏனென்றால் பாடி இனிமேல்தான். ஒரே பெரிய ஃபைபர் ஓடு. மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். கழற்றினால் அதை எங்கே வைப்பது? சக்கரம் வைத்த மரச்சட்டத்தில் நிறுத்தலாம், கூரையில் கப்பி போட்டுத் தொங்கவிடலாம். எப்படியும் ஒரு காருக்கு இரண்டு கார் இடம் வேண்டும். ஓட்டை வார்த்த அச்சு விட்டுப்போன இணைப்புக் கோடுகளைத் தேய்த்து எடுப்பது, கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வருவதற்குப் பட்டி பார்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, மறுபடி பட்டி. கட்டிப் பாதியில் நிற்கும் கோப்ரா விற்பனைக்கு வருகிறதென்றால் எந்தக் கட்டத்தில் நின்றிருக்கும் என்று பார்க்காமலே ஊகிக்கலாம். ஓட்டும்போது சுகம்தான், மறுக்கவில்லை. இறங்கும்போது பக்கவாட்டுச் சைலன்சர் கெண்டைக்காலைச் சுடும். அந்தத் தழும்புக்கு உரிமையாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாம்புக்கடி'.

ஸ்பீட்ஸ்டர் 1954இல் வந்தது. நகலுக்கு அடித்தளம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பீட்டிலில் 2400 மி.மீ., போர்ஷேயில் 2100. ஆக, அசல் அளவு வேண்டுமென்றால் அடித்தட்டின் நடுவில் 300 மி.மீ. வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். அடித்தட்டின் நடுவே நீளவாக்கில் போகும் சுரங்கத்துக்குள் ஓடும் கியர் ராடும் கேபிள் குழாய்களும் அதே அளவு குறைய வேண்டும். இது போதாதென்று துரு. பாட்டரி இருக்கும் மூலையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தட்டு உதவாது. சேசிஸை வெட்டினால் பழைய பதிவு செல்லாது என்று சொல்லும் நாடுகளும் உண்டு, வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். மற்றபடி இது சாதுவான கார். ரேடியேட்டர் கிடையாது, எஞ்சினை கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நான்கே போல்ட். மூன்றில் நீண்ட பயணத்துக்கு ஏற்றதும் இதுதான்.

பிரேக் பைப் மூன்றுக்கும் பொது. முனையை விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். அழகாக வளைத்து, முனையும் கச்சிதமாக விரித்த பிறகு நட்டு மேசையிலேயே இருப்பதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டது இரண்டு முறை. ஒரே நாளில்.

முதல் கார் என்றால் நான் கைகாட்டுவது செவனைத்தான். பட்டி வேலை ரசிக்கும் பொறுமைசாலிக்குக் கோப்ரா, டிங்கரிங் கை வந்தவருக்கு ஸ்பீட்ஸ்டர். மனசு கோப்ராவிலேயே நிற்கிறதா? சரி, கராஜ் தரையில் சாக்பீஸால் சுமார் 4 மீட்டர் நீளம், 1.75 மீட்டர் அகலம் கட்டம் போட்டு, கோட்டை மிதிக்காமல் கையில் டிராலி ஜாக்கோடு ஒரு சுற்று வந்து பாருங்கள். நான் போட்ட கட்டத்தில் பின்பக்கம் நிற்க இடம் கிடைத்தது ஷட்டருக்கு வெளியே.