சின்ன அணுகுண்டு போடலாமா, ஒன்றுமே கூடாதா?

அணு ஆயுத விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. எந்த அளவிலும் எப்போதும் போடக்கூடாது என்பது ஒன்று. சிறிய குண்டைப் போர்முனையில் மட்டும் போட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிற 'வரம்புக்குட்பட்ட அணுப்போர்' இன்னொன்று.

இரண்டாவது கட்சியின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. எல்லைச் சண்டைக்காக ஒரு நகரத்தையே கொளுத்துவேன் என்று மிரட்டினால் எதிரி நம்பமாட்டான், நம்பும்படி மிரட்டச் சிறிய குண்டு வேண்டும் என்கிறார்கள். பாகிஸ்தான் 2011-இல் முதலில் சோதித்த, சுமார் 60 கிலோமீட்டரே பாயும் நஸ்ர் ஏவுகணை இந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

சரி, முதல் குண்டு விழுந்த பிறகு? அடுத்து வரும் ஏவுகணையில் இருப்பது 5 கிலோடன்னா 100 கிலோடன்னா (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் சக்தி) என்று ரேடார் சொல்லாது, அடிபட்டவன் மோசமானதை நினைத்துத்தான் பதில் கொடுப்பான். 1983-இல் அமெரிக்கா நடத்திய 'பிரவுட் பிராஃபெட்' போர் ஒத்திகையில் வரம்போடு ஆரம்பித்த தாக்குதல் முழு அணுப்போரில் போய் முடிந்தது. அப்புறம் அந்தச் 'சின்ன' என்ற பேச்சே கொடுமை. ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன், இன்றைய கணக்கில் அது சின்னதுதான். 1945 முடிவதற்குள் அங்கே சுமார் 1,40,000 பேர் செத்தார்கள்.

முதல் கட்சிக்கும் பலவீனம் உண்டு. அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021-இல் அமலுக்கு வந்தும், குண்டு வைத்திருக்கும் ஒரு நாடுகூட அதில் சேரவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று கையைத் தடுத்திருக்கிறது. 1950 நவம்பரில் கொரியப் போரில் அணுகுண்டும் பரிசீலனையில் இருக்கிறது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் சொன்னதும், பிரிட்டிஷ் பிரதமர் அட்லி பதறி வாஷிங்டனுக்குப் பறந்தார், குண்டு போடப்படவில்லை. அங்கே சோவியத் பயமும் இருந்தது என்று சொல்லலாம். 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில்? அர்ஜென்டினாவிடம் அணுகுண்டே கிடையாது, இருந்தும் பிரிட்டன் தன் குண்டைப் பயன்படுத்தவில்லை. பதிலடி பயம் மட்டும்தான் காரணம் என்றால் இதை விளக்க முடியாது.

நான் முதல் கட்சிதான். பூஜ்யம் என்பது இரண்டு பக்கமும் சந்தேகமில்லாமல் பார்க்கக்கூடிய கோடு. ஐந்து கிலோடன்னுக்கும் பதினைந்துக்கும் நடுவே அப்படி ஒரு கோட்டை யார் போடுவது, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது யார் மதிப்பது? குறுகிய தூர அணு ஏவுகணைகளை எல்லையிலிருந்து முதலில் அகற்ற வேண்டும், ஏனென்றால் எதிரிப்படை நெருங்கும்போது 'இப்போதே ஏவு, இல்லாவிட்டால் பறிகொடு' என்ற நெருக்கடி அவற்றால்தான் வருகிறது.