ஸ்பெயினில் சமையல் வகுப்பு: பார்சிலோனாவா, வலென்சியாவா?

ஸ்பெயின் பயணத்தில் அரை நாளைச் சமையல் வகுப்புக்கு ஒதுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த கேள்வி எந்த ஊரில் என்பதுதான். பெரும்பாலானோர் பார்சிலோனாவில் பதிவு செய்துவிடுவார்கள், ஏனென்றால் விமானம் அங்கேதான் இறங்குகிறது. நானும் முதலில் அங்கேதான் போனேன், அடுத்த பயணத்தில் வலென்சியா. இப்போது யாராவது கேட்டால் யோசிக்காமல் வலென்சியா என்றுதான் சொல்கிறேன், ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் விசாரித்த வரையில் இரண்டு ஊரிலும் ஒருவருக்கு 60 யூரோவிலிருந்து 90 யூரோவுக்குள் வருகிறது, சமைத்ததைச் சாப்பிடுவதும் குடிப்பதும் அதில் அடக்கம். நேரமும் மூன்று, நான்கு மணி நேரம்தான். மொழிப் பிரச்சினையும் இல்லை, ஆங்கிலத்திலேயே நடத்துகிறார்கள்.

பார்சிலோனா வகுப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. லா ராம்ப்லா தெருவில் உள்ள லா பொக்கேரியா சந்தையில் ஒரு சுற்று, அப்புறம் சமையலறை. தக்காளி தேய்த்த ரொட்டி, உருளைக்கிழங்கு முட்டை தோர்த்தியா, கடல் உணவு போட்ட பயேயா (அகலமான சட்டியில் செய்யும் அரிசிப் பதார்த்தம்), கடைசியில் சர்க்கரையைக் கருக்கி மூடிய கிரெமா கதலானா என்ற கஸ்டர்ட், கையில் ஒரு கோப்பை சங்கிரியா என்ற பழ வைன். பட்டியலைப் பார்த்தால் ஐந்து பதார்த்தம் கற்றுக்கொண்டு வரலாம் போலத் தெரியும். ஆனால் பத்துப் பதினைந்து பேர் நிற்கும் இடத்தில் ஆளுக்கொரு வேலை என்று பிரித்துவிடுவார்கள். ஒருவர் கணவாய் நறுக்க, இன்னொருவர் தக்காளியைத் துருவ, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் பின்னால் யாரோ தோர்த்தியாவைத் தட்டில் கவிழ்த்துத் திருப்பிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அரிசி கொட்டும்போது எல்லோரையும் கூப்பிடுவார்கள், புகைப்படம் எடுக்கலாம். அடுப்பின் திருகு மட்டும் கடைசிவரை ஆசிரியர் கையில்தான். சாயங்காலம் நன்றாகவே போனது, சாப்பாடும் நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வலென்சியாவில் பெரும்பாலும் ஒரே ஒரு பதார்த்தம், பயேயா மட்டும். அதற்கு அரை நாளா என்று தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், 2021இல் வலென்சியா மாநில அரசு பயேயாவையே பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. கோழி, முயல், ஃபெர்ராவுரா என்ற தட்டையான பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ என்ற பெரிய வெள்ளை அவரை (நம்மூர் பட்டர் பீன்ஸின் இனம்தான்), தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி. பருவத்தைப் பொறுத்து நத்தையோ ஆர்ட்டிசோக்கோ சேரலாம். சொரிசோ தொத்திறைச்சி போடலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஆசிரியர் முகம் மாறும். பொருள்களை 1928இல் திறக்கப்பட்ட மெர்காடோ சென்ட்ரல் சந்தையில் வாங்குகிறார்கள். நேரம் போனால் போகிறது என்று அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நான் சேர்ந்த வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு சட்டி, ஒரு வாயு அடுப்பு. என் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. பயேயாவில் நறுக்குவதும் வதக்குவதும் யாருக்கும் வரும், காணொளி பார்த்தே செய்துவிடலாம். வராதது தீயைக் கையாள்வது. சட்டி அகலமானது, ஆழம் இல்லாதது, அரிசி ஒரு விரல் உயரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. முதலில் எண்ணெயை ஊற்றி அது ஒரு பக்கமாக ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ஓடினால் அடுப்பு சாய்ந்திருக்கிறது, ஒரு பாதி குழையும், இன்னொரு பாதி கருகும். இறைச்சியை அவசரப்படாமல் பொன்னிறமாக்கி ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் காய்கறி, பிறகு தக்காளி. பிமெந்தோன் மிளகாய்த்தூள் போட்டால் சில நொடிகளில் கசந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். அளவுக்குக் கிண்ணம் கிடையாது, கைப்பிடி பொருத்திய ஆணி வரைக்கும் தண்ணீர். அது கொதித்துச் சாறாகி வற்றிய பிறகு ருசி பார்த்தால் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் அரிசி அதில் பாதியை இழுத்துக்கொள்ளும்.

அரிசியைப் பரப்பிய பிறகு கரண்டி போடவே கூடாது. முதல் எட்டு, பத்து நிமிடம் தீ பெரிதாக, அடுத்த எட்டு, பத்து நிமிடம் சிறிதாக. தண்ணீர் வற்றியதும் கடைசி ஒரு நிமிடம் மறுபடி தீயைக் கூட்டினால் அடியில் சொக்கர்ராத் பிடிக்கிறது. பிரியாணிச் சட்டியின் அடியில் ஒட்டிய பொன்னிறச் சோற்றுக்குச் சண்டை போடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அது பிடித்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க முடியாது, மேலே சோறு மூடியிருக்கிறது. குமிழ் விடும் சத்தம் நின்று படபடவென்று பொரியும் சத்தம் வர வேண்டும், வறுத்த வாசனை வர வேண்டும், கருகல் வாசனைக்கு முன்னால் அணைக்க வேண்டும். எங்கள் பக்கத்து அடுப்பில் இருந்த தம்பதி பயந்துபோய்ச் சீக்கிரம் அணைத்துவிட்டார்கள், அவர்கள் சட்டியில் அடி வெளுத்திருந்தது. ஒரே அரிசி, ஒரே ஆசிரியர், இரண்டு சட்டி, இரண்டு விதமான சோறு. அந்தத் திருகை நீங்களே திருகி, நீங்களே காது கொடுத்துக் கேட்காமல் இது பிடிபடாது. பதினைந்து பேருக்கு ஒரு பெரிய சட்டி வைத்தால் ஒருவருக்குத்தான் அந்தப் பயிற்சி கிடைக்கும், அந்த ஒருவர் ஆசிரியர்.

வீட்டுக்கு வந்த பிறகும் இதுதான் உதவுகிறது. நம் வீட்டு அடுப்பின் தீ நடுவில் மட்டும் அடிக்கும், அதனால் 30 சென்டிமீட்டர் சட்டிக்கு மேல் போகாதீர்கள், அதையும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றித் திருப்பி வைக்க வேண்டும். சட்டி வாங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே மலிவாகக் கிடைக்கும் எஃகுச் சட்டி கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருப்பிடிக்கும். பொம்பா என்ற குட்டை ரக அரிசி நிறைய தண்ணீர் குடித்தும் உடையாது, அதற்காகவே புதியவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். சீரகச் சம்பாவில் தண்ணீரைக் குறைத்துச் செய்து பார்த்தேன், அடி பிடித்தது, ருசி வேறு. அதை வைத்து இதுதான் மாற்று என்று சொல்லும் அளவுக்கு இன்னும் செய்து பார்க்கவில்லை.

சரி, பார்சிலோனா யாருக்கு? குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, ஒரே சட்டியை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, ஸ்பானிய மேசையில் என்னென்ன உண்டு என்று ஒரு சாயங்காலத்தில் ருசி பார்த்துவிட வேண்டும் என்பவர்களுக்கு. சைவர்களுக்கும் அங்கே சாப்பிடப் பல தட்டுகள் இருக்கும். வலென்சியாவிலும் காய்கறி பயேயா சொல்லித்தரும் இடங்கள் உண்டு, முன்கூட்டியே சொன்னால் தனிச் சட்டி கிடைக்கும். முயல் வேண்டாம் என்பவர்களும் அப்படியே. இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் சுமார் மூன்று மணி நேரம், மொத்தமே நான்கு நாள் பயணம் என்றால் வகுப்புக்காக மட்டும் அலைய வேண்டாம்.

வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரிக்கரை வயல்களில், எல் பல்மார் கிராமத்துப் பக்கம், ஆரஞ்சு மர விறகில் சமைப்பதைப் பார்க்கலாம். அங்கே சாப்பிட்டிருக்கிறேன், வகுப்பில் சேர்ந்ததில்லை. விறகுத் தீயைப் புதியவர் கையில் எவ்வளவு தூரம் விடுவார்கள் என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். வடக்கே சான் செபாஸ்தியானில் பின்ச்சோஸ் என்ற சிறு தின்பண்டங்களுக்கான வகுப்புகள் பற்றிப் போய்வந்த நண்பர்கள் புகழ்கிறார்கள். நெத்திலி, ஆலிவ், ஊறுகாய் மிளகாயைக் குச்சியில் கோர்க்கும் கில்டா போன்றவற்றுக்கு அடுப்பே வேண்டாம் என்பதால் எல்லோர் கைக்கும் வேலை இருக்கும்போலத் தெரிகிறது. நான் போகாததால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

எந்த ஊராக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு சட்டிக்கு எத்தனை பேர் என்று எழுதிக் கேளுங்கள். 'எல்லோரும் பங்கெடுப்பார்கள்' என்று மட்டும் பதில் வந்தால் அது பெரிய சட்டிதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு சந்தையும் கிடையாது. திங்கட்கிழமை மீன் கடைகள் வெறிச்சோடியிருக்கும். வலென்சியாவின் சந்தை மதியம் மூன்று மணிக்கே மூடிவிடும், அதனால் காலை வகுப்பை எடுங்கள். உள்ளூர்க்காரர்களும் பயேயாவை மதியச் சாப்பாடாகத்தான் சாப்பிடுகிறார்கள், அன்று காலை ஓட்டலில் லேசாக ஏதாவது சாப்பிட்டால் போதும்.