எட்டு பாயிண்ட் ரத்தம்: மாத்திரையா, கீரையா, ஊசியா?

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் நர்சம்மா விரல் நுனியில் குத்திப் பார்த்து "ரத்தம் எட்டு பாயிண்ட்தான் இருக்கு" (100 மி.லி. ரத்தத்தில் 8 கிராம் ஹீமோகுளோபின் என்று அர்த்தம்) என்று சொல்லிவிட்டால் போதும், அன்று ராத்திரியே வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். மாமியார் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிவரச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா பீட்ரூட் என்பார். ரேஷன் அரிசியிலேயே இரும்புச்சத்து கலந்திருக்கிறதாம், அப்புறம் எதற்கு மாத்திரை என்பார் வீட்டுக்காரர். சேலத்தில் வேலை பார்க்கும் தம்பி, "ஊசியிலயே ஏத்திரலாங்க்கா, ஒரே நாள் வேலை" என்று போனில் சொல்வான். ஆளுக்கொரு வழி. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

இந்த வழிகளை எடைபோட எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தராசுதான் உருப்படியானது: ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் இரும்பு ரத்தத்தில் சேருகிறது? வாய்க்குள் எவ்வளவு போகிறது என்ற கணக்கு நம்மை ஏமாற்றிவிடும்.

முதலில் உடம்பு பட்டிருக்கும் இரும்புக் கடன் எவ்வளவு என்று பார்ப்போம். டாக்டர்கள் போடும் கணக்கு எளிமையானதுதான். உடல் எடையை, குறைகிற பாயிண்டால் பெருக்கி, அதை 2.4 ஆல் பெருக்க வேண்டும். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 8 பாயிண்ட் இருக்கிறது, 12 ஆக வேண்டும் என்றால் 45 × 4 × 2.4 = 432 மி.கி. உடம்பின் சேமிப்புக் கிடங்கும் காலியாகத்தான் இருக்கும், அதற்கு 500. மொத்தம் 930 மி.கி. சொச்சம். இதற்கு மேல் தினச் செலவு வேறு. தோல், குடல் வழியாக ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், மாதவிலக்கில் போவதை நாள்கணக்கில் பிரித்தால் அரை மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகவும் போகிறது. ஆகத் தினமும் ஒன்றரை மி.கி. சேர்ந்தால்தான் இருக்கிற இடத்தில் நிற்கவே முடியும். அதற்கு மேல் சேருவதுதான் கடனை அடைக்கும். கர்ப்பம் என்றால் அந்தக் காலம் முழுவதற்கும் இன்னொரு 1,000 மி.கி. வாக்கில் தேவை.

இது யாரோ சிலருடைய கடன் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 55. ரத்தசோகைத் தடுப்புக்கென்று தேசிய அளவில் மாத்திரைத் திட்டம் தொடங்கியது 1970-ல் என்பதையும் சேர்த்துப் படித்தால் கொஞ்சம் கசக்கும்.

கீரையும் சாமையும் சுவரொட்டியும்

சுவரொட்டியில் தொடங்குவோம், ஏனென்றால் மாமியார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மி.கி. அளவுக்கு இரும்பு உண்டு. அசைவத்தில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதியை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும், ஐந்தில் ஒரு பங்குகூட உள்ளே போகலாம். ஆனால் ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அதற்கென்று முன்கூட்டியே சொல்லிவைப்பவர்கள் உண்டு. வாரம் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும், ஊருக்கே கிடைக்காது. கிடைத்தாலும் அது யார் தட்டில் விழுகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

கீரை நிலைமை வேறு. அரைக்கீரை, தண்டுக்கீரை வகைகளில் 100 கிராமுக்கு நாலரை மி.கி. சுற்றி இருக்கிறது, முருங்கைக்கீரையிலும் ஏறக்குறைய அவ்வளவே. கீரை இரும்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தாலே பெரிது. அப்படியானால் ஒரு கிண்ணம் கடைசலில் கால் மி.கி.கூட முழுசாகத் தேறாது. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மி.கி.கூட இல்லை. அதன் நிறம்தான் ரத்தம், சத்து இல்லை.

சாமையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அது தலைமுறைகளாக விளைந்த தானியம். சிறுதானிய விளம்பரங்களில் சாமைக்கு இரும்பு 9.3 மி.கி. என்று போட்டிருப்பார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் இருந்த எண் அது. அதே நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியலில் சாமைக்கு 1.26 மி.கி. மட்டுமே. ராகிக்கு 4.62, கம்புக்கு 6.42. சாமைச் சோறு நல்ல சோறு, சர்க்கரைக்காரர்களுக்கும் ஏற்றது, விடச் சொல்லவில்லை. ரத்தம் ஏற்றுவதற்கென்று அதை விற்பதுதான் தப்பு. ராகியிலும் ஒரு இடைஞ்சல் உண்டு. அதிலுள்ள கால்சியமும், தானியங்களில் இருக்கும் பைட்டேட் என்ற பொருளும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிக்க வைத்தால் அந்தப் பிடி தளரும். அந்த வகையில் சுடச்சுடக் களியைவிட ராத்திரி கரைத்துப் புளித்த கூழுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பெண்.

சாப்பாட்டை மாற்றுவதைவிடச் சாப்பாட்டோடு ஒன்றைச் சேர்ப்பது இன்னும் சுலபம். மலையில் கொய்யா உண்டு, நெல்லி உண்டு, பருவத்தில் ஆரஞ்சு உண்டு. 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி. சோற்றோடு அது சேர்ந்தால் அதே கீரையிலிருந்து இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் இரும்பு உள்ளே போகும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதும் இதே ரகம்தான், புளிப்பும் நேரமும் சேர்ந்து சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பை இறக்கும். எவ்வளவு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் அந்தத் தினச் செலவு ஒன்றரை மி.கி.யை ஈடுகட்டலாம். 12 பாயிண்டில் இருப்பவருக்கு அது போதும். எட்டில் இருப்பவருக்குப் போதாது.

ரேஷன் அரிசி, உப்பு

வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான். செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. வரை இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலமும் பி12-உம் இருக்க வேண்டும் என்பது விதி. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் மாவிலிருந்து பிழிந்து செய்த மணிகளைக் கலக்கிறார்கள். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் எட்டு முதல் பன்னிரண்டு மி.கி. வயிற்றுக்குப் போகும், ஐந்து சதவீதம் சேரும் என்று தாராளமாக வைத்தாலும் அரை மி.கி. வாக்கில்தான் மிஞ்சும். அதுவும் அந்த மணிகள் சட்டிக்குள் போனால்! களையும்போது மிதக்கிறது, கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது, "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிந்துவிட்டு வெறும் அரிசியை உலையில் போடும் வீடுகள் நிறைய. ரேஷன் கடையில் ஒரு நாள் நின்று விளக்கினால் தீரும் பிரச்சினை இது.

இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பும் இதே கதை. 2014-ல் வந்த அம்மா உப்பில் ஒரு வகை அதுதான். கிராமுக்கு ஒரு மி.கி. அளவில் இரும்பு. சில பதார்த்தங்களைக் கொஞ்சம் கறுக்க வைக்கும், கல் உப்பு பழகிய கை அதைத் தேடாது. இரண்டுக்கும் உள்ள பெரிய பலம், யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது. ஊருக்கே பொதுவான மெல்லிய போர்வை. கடன் அடைக்க இது உதவாது.

மாத்திரை

சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கர்ப்பிணிக்கு நாலாம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். பத்து வயதைத் தாண்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. ரத்தம் குறைந்திருந்தால் கர்ப்பிணிக்கு நாளைக்கு இரண்டாக்குவார்கள். ஒன்று என்றே வைப்போம், அதில் பத்துக்கு ஒரு பங்கு சேருகிறது என்று குறைத்தே வைப்போம், அப்போதும் ஆறு மி.கி. கீரைக் கிண்ணத்தின் கால் மி.கி.க்குப் பக்கத்தில் இந்த ஆறை வைத்துப் பாருங்கள். காசும் இல்லை. ஒப்பீடு இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை, ஏனென்றால் மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பல வீடுகளில் அட்டையை எடுத்துப் பார்த்தால் மூன்றோ நான்கோ குழி காலி, மீதி அப்படியே. காரணம் கேட்டால் வரிசையாக வரும்: வாந்தி, மலச்சிக்கல், வாயில் துரு வாசம், மாத்திரை சூடு, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் நியாயமான புகார். மலம் கறுப்பது உடம்பில் சேராத இரும்பு வெளியே போவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போகும். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே கிடையாது.

இந்த மலைக்கே உரிய இன்னொரு எதிரி காப்பி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்ட செடி, இன்றைக்கு எஸ்டேட் கூலியும் அதில்தான், வரக்காப்பியும் அதில்தான். 1983-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காப்பி குடித்தால் இரும்பு சேருவது 39 சதவீதம் குறைந்தது, டீ என்றால் 64 சதவீதம். நாம் எல்லாரும் சொல்லும் அறிவுரை "சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி" என்பதுதானே? அதே ஆய்வு அதையும் பார்த்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே அளவு கெடுத்தது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆகவே விடிகாலையில் அடுப்பு மூட்டும்போது குடிக்கும் காப்பி குற்றவாளி இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் தோட்டத்தில் கிடைக்கும் டீதான் வில்லங்கம்.

எஸ்டேட்டுக்குப் போகிற பெண்ணிடம் டீயை விடு என்று சொல்வது வீண் பேச்சு. மாத்திரையை டீயிடமிருந்து நகர்த்துவதுதான் நடக்கும் காரியம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, ஒரு கொய்யாத் துண்டோ எலுமிச்சைத் தண்ணீரோ வைத்துப் போட்டால் குமட்டலைத் தூக்கத்திலேயே கடந்துவிடலாம். அப்படியும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற வழி இருக்கிறது. 2017-ல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த ஆய்வில், அப்படிப் போட்டபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேர்ந்தது. இன்று போட்ட மாத்திரை, நாளைய இரும்பைத் தடுக்கும் ஒரு சுரப்பை ஈரலில் கிளப்பிவிடுகிறது, ஒரு நாள் இடைவெளி விட்டால் அது அடங்கிவிடும். கடன் அடையத்தான் நாள் கூடும். கர்ப்பிணிகள் இதை நர்சம்மாவைக் கேட்காமல் செய்யக் கூடாது, அவர்களுக்கு நாள் குறைவு.

ஊசி

தம்பி சொல்லும் வழி கணக்குப்படி எல்லாவற்றையும் அடித்துப் போட்டுவிடும். இரும்பு சுக்ரோஸ் என்ற மருந்து என்றால் ஒரு தடவைக்கு 200 மி.கி., நேராக நரம்பில், சேதாரமே இல்லை. ஐந்து தடவையில் 1,000. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் அந்த 1,000-ஐயும் ஒரே தடவையில் கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். ஏழாம் எட்டாம் மாதத்தில் எட்டு பாயிண்டோடு வருகிற கர்ப்பிணிக்கு நான் சந்தேகமில்லாமல் இதையே சொல்வேன். ஏழுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஆனால் எல்லாருக்கும் இது என்பது மலையில் நடக்காது. அலர்ஜி வந்தால் சமாளிக்க ஆளும் மருந்தும் பக்கத்தில் இருக்க வேண்டும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் போடக் கூடாது. சுக்ரோஸுக்கு ஐந்து நடை என்றால், உள்ளடங்கிய கிராமத்துப் பெண்ணுக்கு ஐந்து நாள் கூலி போச்சு, ஐந்து தடவை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். சேலத்துக்கே இறங்க வேண்டும் என்றால் 20 கொண்டை ஊசி வளைவு, வயிற்றில் பிள்ளையோடு.

கசிவை அடைக்காமல்

இந்தப் பட்டியலில் யாரும் சொல்லாத ஒன்று கொக்கிப்புழு. நிழலும் ஈரமும் உள்ள காப்பித் தோட்ட மண் அதற்குச் சொர்க்கம், வெறுங்காலில்தான் அது ஏறுகிறது. ஒரு புழு நாளொன்றுக்கு 0.03 மி.லி. ரத்தம் குடிக்கும். நூறு புழு என்றால் 3 மி.லி. எட்டு பாயிண்ட் ரத்தத்தில் அது 0.8 மி.கி. இரும்பு, அதில் கொஞ்சத்தைக் குடல் திருப்பி எடுத்தாலும் மீதி நஷ்டம்தான். ரேஷன் அரிசி தினமும் கொடுப்பதைப் புழு தினமும் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மி.கி. அல்பெண்டசோல் ஒன்று இதற்குப் போதும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு நாலாம் மாதத்துக்கு மேல். செருப்பும் கக்கூஸும் இல்லாவிட்டால் புழு திரும்பி வரும். பெண்களுக்குக் கையுறை, ரெயின்கோட் கொடுக்கிற தோட்டங்கள் ஒரு ஜோடி மூடிய செருப்பையும் கொடுத்தால் அது எந்தச் சத்துமாவுக்கும் குறைந்ததில்லை.

என் ஓட்டு யாருக்கு என்றால்: எட்டு பாயிண்டுக்கு மாத்திரை, ராத்திரியில், புழு மாத்திரையோடு சேர்த்து. பிரசவம் நெருங்கிவிட்டால் ஊசி. 12 ஆனபின் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் மாத்திரை, அதன் பிறகு கீரை, கூழ், கொய்யா, ரேஷன் அரிசி எல்லாம் சேர்ந்து காவல் காக்கட்டும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழத்தைக் குழந்தைகளே தின்றுவிடும், அதை நம்ப வேண்டாம்.

ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஒரு பாயிண்ட்கூட ஏறவில்லை என்றால் "நீ போடலை" என்று திட்டுவதோடு நிறுத்தக் கூடாது. பி12 குறைவாக இருக்கலாம், மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போகலாம், பரம்பரையாக வரும் ரத்த நோய்களான தலசீமியாவோ அரிவாள் அணு ரத்தசோகையோ இருக்கலாம். தலசீமியா உள்ளவருக்கு ஏற்கனவே இரும்பு மிஞ்சிக் கிடக்கக்கூடும், மேலும் மேலும் கொடுப்பது கெடுதல். இவற்றைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அவசியமென்றால் அதற்காகச் சேலம் ஜி.எச்.சுக்கு ஒரு தடவை இறங்கலாம்.