கம்பி பார்க்கிறவனுக்கு ஏற்ற பைனாகுலர்: கெத்தை மலையில் இரண்டு மாத அனுபவம்

பறவை பார்க்கிறவர்கள் பைனாகுலரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மலைமேல் போகும் உயர் அழுத்த மின்பாதையைப் பார்க்கிறவனுக்கு எது பொருந்தும் என்று எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் டவர் டவராக நடந்து ரோந்து பார்த்து, ஓய்வு பெற்று, மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். என் தங்கை மகன் இப்போது அதே வேலையில் சேர்ந்திருக்கிறான். அவனுக்காக வாங்கியது இது. கொடுப்பதற்கு முன் இரண்டு மாதம் நானே கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தேன்.

8 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸ், எடை 690 கிராம், விலை 8,600 ரூபாய்.

முதலில் வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. ஒரு டவர் இரண்டாகத் தெரிந்தது. கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலித்தது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார் விற்றவர். சரியாகாது. பழகுவதற்கு அது செருப்பு அல்ல. மாற்றுப் பொருள் வந்து சேரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. நீங்கள் வாங்கினால் பெட்டியைப் பிரித்தவுடன் தொலைவில் உள்ள ஒரு டவரின் உச்சியைப் பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது ஒரே உச்சி, சிரமமில்லாமல் நிற்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவதாக வந்தது அருமையானது.

காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி வழியாக மஞ்சூர் போகும் பஸ்ஸில் ஏறினால் கெத்தை வரும். மஞ்சூர் வரைக்கும் நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். கனடா நாட்டு உதவியுடன் கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தின் இரண்டாவது மின்நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதே தண்ணீர் இன்னும் கீழே பரளியிலும் பில்லூரிலும் மறுபடி மின்சாரமாகிறது. அதற்கும் முன்னால், 1932-ல், பைக்காராவில் பிறந்த மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகியதும், ஏற்றம் இறைத்த தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஓடியதும் அதன் பிறகுதான். எங்கள் அப்பாரு கடைசி வரை மின்சாரத்தைப் 'பைக்காரா' என்றேதான் சொன்னார். "பைக்காரா வந்துவிட்டதா பார் கண்ணு, தண்ணீர் பாய வேண்டும்" என்பார். அந்தக் கம்பியை நான் ஒருநாளும் வெறும் கம்பியாக நினைத்ததில்லை.

கெத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையோரம் நின்றே பார்த்தேன். யானை நடமாடும் காடு அது. சாலையை விட்டு உள்ளே போகக் கூடாது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டவர், சுமார் 400 மீட்டர் இருக்கும். மின்சாரம் டவருக்குள் பாயாமல் கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் பீங்கான் தட்டுகளின் சரம், வெறுங்கண்ணுக்கு ஒரு பழுப்புக் கோடு. பைனாகுலரில் அதே டவர் 50 மீட்டர் தொலைவில் நிற்பதுபோல் இருந்தது. தட்டுகளை எண்ணினேன்: ஏழு. 110 கிலோவோல்ட் பாதையில், கம்பி நேராகப் போகும் எங்கள் நேர் டவர்களில் ஏழு, கம்பியை இழுத்துக் கட்டும் இழுவை டவர்களில் எட்டு. மேலிருந்து மூன்றாவது தட்டில் விளிம்பு சிறிது உடைந்திருந்தது. நல்ல பீங்கான் வெயிலில் எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கும். மின்னல் பாய்ந்து கரிந்த இடம் மினுங்காது, மங்கித் தெரியும். அந்த வேறுபாட்டை இந்த லென்ஸ் காட்டிக்கொடுத்தது. விலை குறைந்தவற்றில் விளிம்புகளைச் சுற்றி ஊதா நிறம் கசிந்து இதை மறைத்துவிடும்.

சாலைக்கு மேலே, சுமார் 120 மீட்டரில் இருந்த இன்னொரு டவரில்தான் என் உண்மையான சோதனை. ஒரு தட்டின் அடியில் உள்ள குண்டு, அடுத்த தட்டின் தலையில் உள்ள குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அது நழுவாமல் பிடித்திருப்பது விரல் நகத்தின் அளவே உள்ள ஒரு பூட்டு ஊசி. துருப்பிடித்து அது விழுந்துவிட்டால், ஆடிக் காற்றில் கம்பி எழும்பி ஆடும் ஏதோ ஒரு நொடியில் குண்டு குழியை விட்டு வெளியே வந்துவிடும். கம்பி தரைக்கு வந்துவிடும். பணியில் இருந்தபோது ஒரே ஓர் ஊசியைப் பார்க்க டவரில் ஏறி இறங்கியிருக்கிறோம். இப்போது மதகுச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். ஊசியின் இரண்டு வால்களும் விரிந்து நின்றன. கண் கலங்கிவிட்டது. இந்தக் கருவி அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் எத்தனை பேரின் எத்தனை ஏற்றம் மிச்சமாகியிருக்கும்! 400 மீட்டரில் அந்த ஊசி தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் 12 மடங்கையும் எடுத்துப் பார்த்தேன். வேண்டாம். பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் கூடிப் பெருகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மேலும், இந்த எட்டு மடங்கில் 1,000 மீட்டர் தொலைவில் 130 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் கிடைக்கிறது. பள்ளத்தைத் தாண்டும் கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தவறவிடாமல் தொடர்ந்து போகலாம். அப்படிப் போகும்போதுதான் அறுந்து சிலிர்த்து நிற்கும் இழை தெரியும். எங்கள் கம்பியில் 30 அலுமினிய இழைகள், நடுவே 7 எஃகு இழைகள், ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். கம்பியின் முனைக்கருகே இரட்டைக் குண்டுபோல் தொங்கும் டாம்பரையும் பார்க்க வேண்டும். 1920-களில் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் உருவாக்கியது அது. காற்றில் கம்பி அதிராமல் காக்கிறது. அது இடம் நழுவியிருந்தால், பிடிப்பு இருக்கும் இடத்தில் இழை அறும்.

ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் கம்பியின் மேல் பனி உறைந்து அதன் கனமே கூடிவிடும். அதற்கும் சேர்த்துத்தான் டவர் போடுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. காற்றும் இடியும் மூடுபனியும்தான். மூடுபனியில் ஒருநாள் முழுவதும் நனைந்தும் உள்ளே ஆவி படியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறது. என் வயதுக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

கூட வந்த கழுத்துப் பட்டை மட்டும் மட்டம். ஒரே மாதத்தில் தையல் விட்டுவிட்டது. காரமடையில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து 150 ரூபாயில் தோல்பட்டை போட்டேன்.

இன்னொன்று: சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பாருங்கள். கம்பியைத் தொடர்ந்து போகிறவன் தன்னையறியாமல் சூரியனுக்குள் போய்விடுவான். ஒரு நொடியில் பார்வை போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகனிடம் கொடுத்தேன். வாசலில் நின்று தெருமுனைக் கம்பத்தைப் பார்த்தவன், "மாமா, நட்டின் மரை தெரிகிறது" என்றான். எனக்கு இன்னொன்று வாங்கப் பணம் கட்டிவிட்டேன்.